இடது உள்ளங்கை

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட, பெஞ்சில் இடம் இருக்கிறது, ஆறு மாசத்துக்கு முன்னால் என்றால் இருந்திருக்காது. நான் வாயைத் திறந்து சொல்லப் போவதில்லை, மனசுக்குள்ளேயேதான் சொல்லப் போகிறேன், அதனால் ஒட்டி உட்கார்ந்தால்தான் கேட்கும். சத்தமாகச் சொன்னால் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிற டாக்டரம்மா காதில் விழுந்துவிடும். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாளே முப்பிடாதி, என் வீட்டுக்காரருடைய தங்கச்சி, அவள் காதிலும் விழுந்துவிடும், அவளுக்குத் தெரிந்தால் திருநெல்வேலி டவுனுக்கே தெரியும். விஷயம் இதுதான். நேற்று ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டேன், அதுக்கப்புறம் தண்ணியைத் தவிர வாயில் ஒண்ணும் படவில்லை, வெறும் வயிற்றோடு வரணும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறது. ஒண்ணும் படவில்லை. அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் விடியக்காலம் ஒரு கல்யாண மண்டபத்தில் நானூறு இலைக்குக் கேசரி கிண்டி இறக்கிவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறேன், அந்தக் கேசரியை நான் ருசி பார்த்தேனா பார்க்கலையா என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வரவே மாட்டேன் என்கிறது. ஆறாம் நம்பரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பதினேழாம் நம்பர்.

அது எப்படி ஞாபகம் இல்லாமல் போகும் என்று கேட்பீர்கள். உங்களுக்கு இன்று காலையில் எத்தனை தடவை கண்ணைச் சிமிட்டினோம் என்று ஞாபகம் இருக்கிறதா, அது மாதிரிதான். வலது கையில் கரண்டி இருக்கும், கொதிக்கிறதில் கொஞ்சம் எடுத்து இடது உள்ளங்கையில் சொட்ட விடுவேன், நாக்கு வந்து எடுத்துக்கொள்ளும். முப்பது வருஷமாக நடக்கிற காரியம், இதில் எனக்கு என்ன வேலை, கையும் நாக்கும் பேசி முடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் ரெண்டாம் வகுப்போடு சரி, எழுத்து எனக்கு வசப்படவில்லை, ஆனால் காது இருக்கிறது. குழம்பு கொதிக்கிற சத்தத்தில் உப்பு இறங்கியாச்சா என்று சொல்வேன், ரவை நெய்யில் வறுபடும்போது முதலில் மழைச் சத்தம் மாதிரி வரும், அப்புறம் மணல் சத்தம், மணல் சத்தம் வந்ததும் தண்ணீர் விட வேண்டும். இன்றைக்கும் மணல் சத்தம் வந்தது, தண்ணீர் விட்டேன், சீனி கொட்டினேன், அதுவரைக்கும் தெளிவாக இருக்கிறது. அதுக்கு மேல் ஒரு மூடாக்கு. இந்தப் பெஞ்சுகூட என்னிடம் பேசும், முதல் நாள் நான் உட்கார்ந்தபோது பிரசவ வலி எடுத்தவள் மாதிரி அலறியது, ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இன்றைக்கு உட்கார்ந்தபோது ஒரு சின்ன முனகல், அவ்வளவுதான். தொண்ணூற்றொரு கிலோவில் எட்டு குறைந்திருக்கிறது. எட்டு கிலோ அரிசி வடித்தால் எண்பது இலைக்குக் காணும், எண்பது பேர் சாப்பாட்டை மேலே கட்டிக்கொண்டு நான் இத்தனை வருஷம் மண்டபம் மண்டபமாக அலைந்திருக்கிறேன். ஏழாம் நம்பர் போகிறாள், நீலச் சேலை, மூச்சு அவளுக்கும் முன்பு விசில் அடிக்கும், இப்போது இல்லை. நல்லா இரு தாயி.

நாற்பது பேர் நாங்கள், எல்லாம் நாற்பத்தைந்துக்கு மேல், எல்லாம் என்னை மாதிரி பருத்தவர்கள். டாக்டரம்மா பேர் நஸீமா, மேலப்பாளையத்துப் பிள்ளை, முப்பது முப்பத்திரண்டு இருக்கும், குரல் வெங்கலக் கிண்ணத்தைத் தட்டினது மாதிரி இருக்கும். பருத்த பொம்பளைகள் நடந்து உடம்பைக் குறைத்தால் ரத்தத்தில் உள்ள கொழுப்பு என்ன ஆகிறது, அதைத்தான் இந்தப் பிள்ளை ஆறு மாசமாக எழுதிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் நான் கேட்டேன். "ஏன் டாக்டரம்மா, நான் எண்ணெயை நிறுத்திட்டா கொழுப்பு போயிருமே, எதுக்கு நடக்கச் சொல்லுதிய?" அதுக்கு அது என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டது. சமையல் என்றேன். உடனே ஒரு தாளைத் திருப்பிப் போட்டு ஒரு மண்டபத்தை வரைந்தது. "உங்க ஈரல் இருக்குல்ல, அதுவும் ஒரு சமையக்காரிதான். நீங்க கொழுப்பே திங்கலைன்னாலும் அது உள்ளே கொழுப்பைச் சமைச்சுக்கிட்டேதான் இருக்கும், உடம்புக்கு அது கொஞ்சம் வேணும். உடம்பு பெருத்துப்போனா அதுக்கு அளவு தெரியாமப் போயிரும். இருநூறு இலைக்கு ஐநூறு இலைச் சமையல்." அப்போதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. வாளியோடு பரிமாறுகிறவர்கள் ஒரு கூட்டம், சமைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், இலை நிறைந்த பிறகும் ஊற்றுவார்கள், நடைபாதையெல்லாம் கொட்டுவார்கள், அது கெட்ட கொழுப்பு. இலை எடுக்கிறவர்கள் ஒரு கூட்டம், மிச்சத்தை வழித்து அடுக்களைப் பக்கமே கொண்டு வருவார்கள், அது நல்ல கொழுப்பு. பருத்த உடம்பில் பரிமாறுகிறவன் கூடுதல், இலை எடுக்கிறவன் குறைவு. "உடம்பைக் குறைச்சா சமையக்காரிக்கு அளவு திரும்பி வரும், நடந்தா இலை எடுக்கிற ஆளு மெதுவா கூடும்னு நெனைக்கோம். உங்க ஊர்ப் பொம்பளைங்க உடம்புல அது எப்படி நடக்குன்னு யாரும் உக்காந்து பாத்து எழுதல. உங்க ரத்தம்தான் சொல்லணும்." என் ரத்தம் சொல்லணுமாம். ரேஷன் கார்டைத் தவிர எதிலும் என் பேர் ஏறினதில்லை, கல்யாணப் பத்திரிகையில் சமையக்காரி பேரை யார் போடுவார்கள். ரத்தமாவது ஒரு புத்தகத்தில் ஏறட்டுமே என்று ஒரு ஆசை அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. அதனால்தான் இந்தப் பாடு. பொய் ரத்தம் ஏறிவிடக் கூடாது.

மூணாம் மாசம் இருபத்திரண்டாம் நம்பர்க்காரி நெய் ரோஸ்ட் தின்றுவிட்டு வந்து வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வைத்துச் சுற்றி எடுத்தால் மேலே தெளிவாக நிற்க வேண்டியது பால் மாதிரி வெளுத்து நின்றது, டாக்டரம்மா எங்கள் எல்லோருக்கும் தூக்கிக் காட்டியது. திட்டவில்லை. பேனாவை எடுத்து இருபத்திரண்டு மேல் ஒரு கோடு இழுத்தது, கர்ர் என்று ஒரு சத்தம், அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதிலிருக்கிறது. அடுத்த வாரம் வந்து கொடுக்கலாமா என்றால் இந்தத் தடவை அதுவும் முடியாது, இன்றைக்குத்தான் கடைசி நாள், சாயங்காலம் எல்லாக் குழாயும் மதுரைக்குப் போகிறது. ஒன்பதாம் நம்பர். கேசரியில் நெய் எவ்வளவு விட்டேன், ஆறு கிலோ ரவைக்கு நாலரை கிலோ நெய், பெண் வீட்டுக்காரர்கள் மிதக்கணும் என்று சொல்லியிருந்தார்கள். ருசி பார்ப்பது என்றால் நான் ஒரு வாயோடு நிற்கிறவளும் இல்லை, சீனி போட்டதும் ஒரு தடவை, நெய் பிரிந்ததும் ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை. மூணு வாய். நக்கினேனா? கை மணக்கிறது, ஏலக்காயும் நெய்யும். ஆனால் என் கை என்றைக்கு மணக்கவில்லை, கல்யாணமான புதுசில் அவர், என் வீட்டுக்காரர், என் கையை மோந்து பார்த்துத்தான் அன்றைக்கு எந்த வீட்டுச் சமையல் என்று சொல்லுவார்.

"மதினி, என்னத்துக்கு இப்படி கையையே பாத்துக்கிட்டு இருக்கிய? ரேகை ஓடிப் போயிருமா?" முப்பிடாதி கேட்கிறாள். "ஒண்ணுமில்ல, சும்மாதான்." "பசிக்கோ?" "பசியெல்லாம் இல்லளா." "பின்ன என்னத்துக்கு மூஞ்சி, முட்டைய உடச்சு ஊத்துனாப்ல இருக்கு?" இவளிடம் எதையும் மறைப்பது கஷ்டம். கல்யாணமாகி நான் இவர்கள் வீட்டுக்கு வந்தபோது பாவாடை தாவணியில் நின்றாள், நான் ஒளித்து வைத்த முறுக்கை மூணாம் நாள் கண்டுபிடித்தாள். எங்கள் சமையல் கூட்டத்தில் தேங்காய் துருவுவது, பருப்பு கழுவுவது எல்லாம் இவள்தான், ஆனால் மூளை மட்டும் மண்டபத்து முதலாளிக்கு இருப்பதைவிடக் கூடுதல். இவளும் இந்த நாற்பது பேரில் ஒருத்தியாகத்தான் இருந்தாள், பதினெட்டாம் நம்பர். தீப்பெட்டி அளவு ஒரு மிஷின் கொடுத்தார்கள், இடுப்பில் மாட்டிக்கொண்டால் எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணும், தினம் எட்டாயிரம் அடி நடக்கணும். முதல் வாரம் நான் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஐயாயிரத்தைத் தொட்டேன், இவள் திடீரென்று ஒரு நாள் இருபத்தோராயிரம். டாக்டரம்மா அசந்து போய், "எங்கம்மா போனீங்க?" என்று கேட்க, இவள் கண் இமைக்காமல், "கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு நடந்து போனேன் டாக்டரம்மா, ஒரு நேத்திக்கடன்" என்கிறாள். டாக்டரம்மா மிஷினைக் கையில் வாங்கியது, புரட்டியது, மோந்து பார்த்தது, மூடியைத் திறந்தது. உள்ளே நெய். "இது நடந்துச்சா, வெந்துச்சா?" என்றது பாருங்கள், அந்த அறையே சிரித்தது. அன்றைக்கு ஒரு வளைகாப்புக்குக் கோதுமை அல்வா, மூணரை மணி நேரம் நான் துடுப்புப் போட்டுக் கிண்டியிருக்கிறேன், இவள் துடுப்புப் பிடிக்குக் கீழே துணி சுற்றி அந்த மிஷினைக் கட்டி வைத்திருக்கிறாள். நான் கிண்டினதெல்லாம் அவள் கணக்கில் நடை. எனக்கே தெரியாது. பதினெட்டின் மேல் கோடு விழுந்தது, கர்ர்.

வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள், "போட்டும் மதினி, ஊசி மிச்சம்" என்றாள். ஆனால் ஆட்டோவில் ஏறினதும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், நான் திரும்பவில்லை, அழுகிறவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு வெட்கமாக இருக்கும். வண்ணாரப்பேட்டை வந்ததும் சொன்னாள். "நீங்களாவது ஒழுங்கா நடந்து ரத்தம் குடுங்க மதினி. நம்ம வீட்டுல ஒருத்தி ரத்தமாச்சும் அந்தப் பொஸ்தகத்துல நிக்கட்டும்." மறுநாள் காலையில் ஐந்தரைக்குக் கதவைத் தட்டுகிறாள், காலில் அவள் மகன் பழைய கேன்வாஸ் ஷூ, சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள், மிஷின் கிடையாது, எண்ணுவதற்கு ஆள் கிடையாது, கேட்பதற்கு டாக்டரும் கிடையாது. ஆறு மாசம் ஒரு நாள் விடாமல் என்னோடு வாய்க்கால் கரையில் நடந்தாள். மழையில் நடந்தாள். அவளுக்கு எத்தனை கிலோ குறைந்தது, எந்த நோட்டிலும் இல்லை, ஜாக்கெட்டை ரெண்டு தடவை பிடித்துத் தைத்தாள் என்பது எனக்குத் தெரியும். பதினொன்று. பதினொன்று உள்ளே போயாச்சு, திரை வளையம் கம்பியில் கிறீச்சென்று போய் வருகிறது.

முதல் மாசம் நடக்கும்போது எனக்கு என் சத்தம்தான் கேட்கும், தொடையில் உள்பாவாடை உரசுகிற சத்தம், சரக் சரக்கென்று யாரோ பின்னால் சருகில் வருகிற மாதிரி, நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அதுக்கும் உள்ளே நெஞ்சு, நெஞ்சு அடிக்கிறது காதில் கேட்கும், கேட்கும்போதெல்லாம் உலகம்மாக்கா ஞாபகம். என் கூடப் பிறந்தவள், என்னைவிடப் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. ஒரு சடங்கு வீட்டில் சாம்பார் வாளியைத் தூக்கினவள், "ஏட்டி, இத ஒரு நிமிஷம் பிடி" என்று என்னிடம் நீட்டினாள், நான் வாங்கினேன், ஒரு சொட்டு சிந்தவில்லை, அக்கா அப்படியே சாய்ந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு. எனக்கு இப்போது ஐம்பத்தி நாலு. ரெண்டு வருஷமாக அக்காவுக்கு நான் மூத்தவளாக இருக்கிறேன், அது ஒரு மாதிரி இருக்கும், சொல்லத் தெரியாது. அக்கா ரத்தக்குழாய்க்குள்ளே பரிமாறுகிறவன் பாதையெல்லாம் கொட்டிக் கொட்டி அடைத்துப் போட்டிருக்கிறான், ஒருத்தரும் வழித்து எடுக்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. மூணாம் மாச ரத்தத்தில் எனக்கு எடை நாலு கிலோ குறைந்திருந்தது, கெட்டதும் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் நல்லதும் மூணு குறைந்து போயிருந்தது. நான் அந்த இடத்திலேயே கண்ணீர் விட்டுவிட்டேன், நடந்து நடந்து இருந்த ஆளையும் விரட்டிவிட்டேனே என்று. டாக்டரம்மா தோளில் கை வைத்து, "உடம்பு வேகமா இறங்கும்போது இதுவும் கொஞ்சம் இறங்கிறது உண்டும்மா, எடை ஒரு இடத்துல நிலைச்சு நின்னா திரும்பி வரும், நடையை மட்டும் விட்றாதீங்க" என்றது. எனக்குச் சமாதானமாகவில்லை. வாசலில் முப்பிடாதி கேட்டாள், சொன்னேன். "இதுக்கா அழுதிய? இல எடுக்கிறவன் டீ குடிக்கப் போயிருப்பான் மதினி, வருவான். நம்ம கூட்டத்துல எந்தப் பய டீ குடிக்கப் போகாம இருந்திருக்கான்?" ரோட்டில் நின்று சிரித்தேன். இப்போது மூணு வாரமாக எடை எண்பத்திமூணிலேயே நிற்கிறது. டீ குடிக்கப் போனவன் வந்திருக்கிறானா என்று பார்க்கிற நாள்தான் இன்று. உள்பாவாடை உரசுகிற சத்தமும் இப்போது இல்லை, வாய்க்கால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, கொக்கு இறக்கையை மடக்குகிற சத்தம் கேட்கிறது, இத்தனை வருஷம் அந்த ரோட்டில் இதெல்லாம் எங்கே இருந்ததோ.

பதின்மூன்று. சரி, ஒண்ணொண்ணாகப் போவோம், காலையிலிருந்து. ஐந்து மணிக்கு மண்டபம். இந்தத் தேதியில் வேலை வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் முகூர்த்த நாள், நாலு மாசத்துக்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டது, மாப்பிள்ளை மாலை மாற்றுவதற்கு முன் பலகாரம் இலையில் விழணும். அடுப்பு பற்ற வைக்கும் முன்பே முப்பிடாதியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், "இன்னைக்கு நாக்கு உன்னது, நான் எதையும் வாயில வைக்க மாட்டேன்." "சாம்பார், சட்னி, பொங்கல் நான் பாக்கேன். கேசரி என்னால ஆகாது மதினி, சக்கரை எல்லையில நிக்குன்னு சொல்லியிருக்காவ." அவள் அதில் கண்டிப்பு, வீட்டில் தொட்டியில் சிறியாநங்கை வளர்த்துத் தினம் ரெண்டு இலை மெல்லுகிறவள். ஒரு தடவை எனக்கும் ஒரு இலை கொடுத்தாள், மறுநாள் மத்தியானம் வரைக்கும் சோறு, தண்ணி, எச்சில் எல்லாமே கசந்தது. சரி. அப்புறம் பூரிக்கு எண்ணெய் காய்ந்தது, அப்போது இவள் ஓடி வந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயய்யோ மதினி, எண்ணெய் தெறிச்சிருக்கு, உள்ளங்கை செவந்து போச்சு." என் மூக்குக்கண்ணாடி மடியில் கிடந்தது, அது இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "எரியலையேளா." "இப்ப எரியாது, நாளைக்கு எரியும், காட்டுங்க." முந்தானை முடிச்சை அவிழ்த்து ஏதோ பச்சிலையை எடுத்துக் கசக்கி உள்ளங்கை நிறையத் தேய்த்துவிட்டாள், காய்கிற வரைக்கும் ஊதிக்கொண்டு நின்றாள், "ரெண்டு மூணு மணி நேரம் இந்தக் கைய நனைக்கப்படாது" என்றாள். அது வரை சரியாக இருக்கிறது. அதுக்கப்புறம் ரவை, மழைச் சத்தம், மணல் சத்தம், தண்ணீர், சீனி. அப்புறம் மூடாக்கு. அப்புறம் முதல் பந்தி முடிந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் அடுக்களை வாசல் வரை வந்து நிற்கிறார், "கேசரி யாரு கை?" என்கிறார், எல்லோரும் என்னைக் காட்டுகிறார்கள், "அளவுன்னா அளவு, நாக்குல வச்சாப்ல செஞ்சிருக்கிய" என்கிறார். நாக்கில் வைத்தாற்போல. அங்கேதான் சிக்கிக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது என்றால் யாரோ ருசி பார்த்திருக்க வேண்டும். முப்பிடாதி பார்க்கவில்லை. அப்படியென்றால் நான். முப்பது வருஷத்தில் ருசி பார்க்காமல் என் அடுப்பிலிருந்து ஒரு கரண்டி இறங்கினதில்லை. அப்போ நான்தான். நான் நக்கியிருக்கிறேன். நக்கியிருந்தால் நெய் நாக்கில் தங்குமே, நாக்கைப் புரட்டிப் பார்க்கிறேன், நாக்கு வறண்டு போய் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது. தண்ணீர் ரெண்டு செம்பு குடித்தேன், அதில் போயிருக்கும். நக்கினேனா.

பதினைந்து. சொல்லாமல் இருந்துவிடலாம். பால் மாதிரி வெளுத்தால் டாக்டரம்மா கண்டுபிடிக்கும், வெளுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அரைகுறையாக ஏறியிருந்தால்? ஆவுடையம்மாள் என்று என் பேரைப் போட்டு, ஆறு மாசம் நடந்தாள், ஒன்றும் பிரயோஜனமில்லை என்று எழுதிவிடுமே அந்தப் பிள்ளை, என்னை மாதிரி ஒருத்தி எங்கேயோ அதைக் கேட்டுவிட்டு, நடந்து என்ன ஆகப் போகிறது என்று உட்கார்ந்துவிடுவாளே, அவளுக்கு உலகம்மாக்கா முகம் வருகிறது, வேறு முகம் வரவில்லை. சொல்லிவிட்டால் கோடு. கர்ர். ஆறு மாசமும் போச்சு, இவளுக்கும் போச்சு, எனக்கும் போச்சு, எங்கள் வீட்டில் ஒருத்தி ரத்தமும் நிற்காது. இவள் எவ்வளவு ஆசையாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா, ஈரத்துண்டு ஒன்றைச் சுருட்டி அதன் மேல் வைத்திருக்கிறாள், எதற்கு என்று கேட்டதுக்குச் சிரிக்கிறாள். பதினாறு. நெஞ்சு காதில் கேட்கிறது. நடந்தபோது கேட்காமல் போன சத்தம், உட்கார்ந்திருக்கும்போது கேட்கிறது பாருங்கள். சொல்லிவிடுவேன். கோடு விழட்டும், கோடு விழுந்தாலும் எட்டு கிலோவை யாரும் திருப்பி ஏற்ற முடியாது, வாய்க்கால் கரை எங்கேயும் போகவில்லை, கொக்கும் போகவில்லை. இப்படி நினைத்ததும் ஆச்சரியமாக நெஞ்சு இறங்கிக்கொண்டது, அடுப்பைத் தணித்ததும் பால் இறங்குமே அப்படி.

"பதினேழு, ஆவுடையம்மா." எழுந்தேன், பெஞ்சு முனகவே இல்லை. திரையை விலக்கினால் டாக்டரம்மா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, "சாப்பிடாமத்தானே வந்திருக்கீங்க?" என்கிறது. "டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும். காலைல நான் கேசரி கிண்டுனேன்." "சரி." "ருசி பாத்தேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்ல." அதன் கை நின்றுவிட்டது. "ஞாபகம் இல்லைன்னா எப்படிம்மா?" மேஜை மேல் நோட்டு விரிந்திருக்கிறது, பேனா அதன் மேல் கிடக்கிறது, அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதற்குள் திரை கிறீச்சென்றது, முப்பிடாதி. "நீங்க எதுக்கும்மா உள்ள வந்தீங்க, உங்க பேரைத்தான் எடுத்தாச்சே?" "ஒரு நிமிஷம் டாக்டரம்மா, நான் மிஷின் ஒண்ணும் கொண்டாரல." நேரே என்னிடம் வந்து என் இடது கையைப் பிடித்து, உள்ளங்கையை என் வாய்க்கு நேரே நீட்டினாள். "நக்குங்க." "ஏளா, பைத்தியமா உனக்கு?" "நக்குங்கன்னா நக்குங்க மதினி, முப்பது வருசமா செய்யுற காரியந்தானே." நாக்கை நீட்டி நுனியால் தொட்டேன். ஐயோ அம்மா. நாக்கிலிருந்து காது வரைக்கும் ஒரு கசப்பு, கண்ணில் தண்ணி வந்துவிட்டது, நான் போட்ட சத்தத்தில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "சிறியாநங்கை" என்றாள் டாக்டரம்மாவைப் பார்த்து. "எண்ணெயும் தெறிக்கல ஒண்ணும் தெறிக்கல. இவங்க கை சொன்ன பேச்சுக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும், பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க மாருல வேப்பெண்ணெய் தடவுவோம்லா, அப்படித்தான் தடவுனேன். காலைல ஒரு தடவ நக்கியிருந்தாலும் இப்பக் கத்துனாவல்லா, இதே கத்து அங்க கத்தியிருப்பாவ, தாலி கட்டுறவன் கையிலேருந்து தாலி விழுந்திருக்கும். சத்தமே இல்ல. நான் அடுப்பு பக்கத்துலயேதான் காத நீட்டிக்கிட்டு நின்னேன்."

டாக்டரம்மா என் கையை வாங்கி மோந்து பார்த்தது, அன்றைக்கு மிஷினை மோந்து பார்த்தது மாதிரியே, அப்புறம் முப்பிடாதியைப் பார்த்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது, அடக்க முடியவில்லை. "உக்காருங்கம்மா" என்றது என்னை. நாக்கு நுனியில் பட்ட இலைச்சாறு ஒன்றும் செய்யாதாம். ஊசி இறங்கியது, எறும்பு கடித்தது மாதிரிகூட இல்லை, குழாயில் ஏறுகிற ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கருஞ்சிவப்பாக, கெட்டியாக, ஒரு அவசரமும் இல்லாமல். நாக்கு தொடாமலா அந்தக் கேசரி வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. நானூறு இலை, காதை வைத்தே கிண்டியிருக்கிறேன், கையும் காதுமாகப் பேசி முடித்திருக்கிறார்கள், நாக்கை யாரும் கேட்கவில்லை. பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. கர்ர் இல்லை, சின்னச் சின்னதாக, எழுதுகிற சத்தம். டீ குடிக்கப் போனவன் வந்தானா இல்லையா என்பது பத்து நாள் கழித்துத் தெரியும், தெரியட்டும், இப்போது எனக்கு ஒரு அவசரமும் இல்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். முப்பிடாதி பெஞ்சில் என் இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள், உட்கார்ந்தேன். சுருட்டி வைத்திருந்த ஈரத்துண்டை உதறி விரித்து, என் இடது கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக, ரேகை ரேகையாக, நாலைந்து தடவை அழுத்தித் துடைத்தாள். அப்புறம் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, காலையில் நான் கிண்டின கேசரியில் ஒரு நகக்கண் அளவு கிள்ளி எடுத்து, என் உள்ளங்கை நடுவில் வைத்தாள்.